கிராபிக்ஸ் கார்டு: சேலத்தில் விலை கேட்கும் முன் போட வேண்டிய கணக்கு

கணினியில் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் பாகம்தான் கிராபிக்ஸ் கார்டு. அதன் பெட்டியில் ஒட்டியிருக்கும் எம்ஆர்பியை மறந்துவிடுங்கள். அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு வேலை இல்லை. இறக்குமதியாளர் அதை எட்டாத உயரத்தில் வைத்துவிடுவதால், 'எம்ஆர்பியில் 40 சதவீதம் தள்ளுபடி' என்று யார் சொன்னாலும் அதில் சேதி எதுவும் இல்லை. ஐந்து ரோடு பக்கம் கடையில் கேட்டாலும் ஆன்லைனில் பார்த்தாலும், சொன்ன விலை நியாயம்தானா என்று பார்க்க வேறு அளவுகோல் வேண்டும்.

அடிப்படை விலை

கார்டு வெளியாகும்போது அதன் முக்கியச் சில்லை உருவாக்கும் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் நிறுவனங்கள் டாலரில் ஒரு விலை அறிவிக்கும். அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் அறிவித்த விலையில் வரி சேர்ந்திருக்காது. நம் ஊர்க் கடை விலையிலோ 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளேயே இருக்கும். இரண்டையும் நேருக்கு நேர் வைத்து 'இந்தியாவில் கொள்ளை' என்று சொல்பவர்கள் விடும் இடம் இதுதான். டாலர் விலையை அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி, வந்ததை 1.18-ஆல் பெருக்குங்கள். அதுதான் அடிப்படை விலை.

டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் (ஆர்டிஎக்ஸ் என்விடியாவுடையது, ஆர்எக்ஸ் ஏஎம்டியுடையது; ஜிபி என்பது கார்டிலேயே உள்ள நினைவகத்தின் அளவு):

இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி, 249 டாலர்: சுமார் 26,450 ரூபாய்
ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி, 299 டாலர்: 31,750
ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, 349 டாலர்: 37,050
ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபி, 379 டாலர்: 40,250
ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி, 429 டாலர்: 45,550
ஆர்டிஎக்ஸ் 5070 12 ஜிபி, 549 டாலர்: 58,300

கடைக்காரர் சொல்லும் விலையை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 1.05-க்குள் வந்தால் யோசிக்காமல் வாங்கலாம். சேலத்திலேயே கையோடு கிடைக்கும் கார்டுக்கு 1.10 வரை கொடுப்பதில் தவறில்லை. 1.20-ஐத் தாண்டினால் காரணம் கேளுங்கள்: மூன்று ஃபேன் மாடலா, ஸ்டாக் தட்டுப்பாடா, டாலர் ஏறியதா? ஒன்றுக்குக் கீழே வந்தால் பெரும்பாலும் பழைய தலைமுறையைக் காலி செய்கிறார்கள் அல்லது 8 ஜிபி மாடல் நகரவில்லை.

இந்த அளவுகோல் வளைந்துபோகும் காலமும் உண்டு. 2025 கடைசியில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியது. அறிவிப்பு விலை அப்படியே இருக்கும், அடக்க விலை ஏறிவிடும். 16 ஜிபி கார்டில் நினைவகச் சில்லு அதிகம் என்பதால் சுமையும் அதில்தான் அதிகம். அப்போது ஒரு கார்டின் விகிதத்தைத் தனியாகப் பார்க்காமல், கையில் உள்ள இரண்டு மூன்று தேர்வுகளின் விகிதத்தை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். எது குறைவாக ஏறியிருக்கிறதோ அதைப் பிடிக்கலாம்.

கடைக்கு என்ன நிற்கிறது

"இதுல ஒண்ணும் நிக்காதுங்கண்ணா" என்று கடைக்காரர் சொன்னால், கார்டைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மைதான். லாபத்தின் பெரும்பகுதி என்விடியா போன்ற முக்கியச் சில்லு தயாரிப்பவரிடமே நின்றுவிடுகிறது. அசூஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், சோட்டாக் போன்றவை அந்தச் சில்லை வாங்கிப் பலகை, கூலர், பெட்டி சேர்த்து விற்கின்றன. அவர்களுக்கே மார்ஜின் மெல்லியது. என்விடியா கார்டுக்குப் பேர்போன ஈவிஜிஏ நிறுவனம் 2022 செப்டம்பரில் இந்தத் தொழிலையே விட்டது. கட்டுபடியாகாத லாபமும் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. பிறகு தேசிய விநியோகஸ்தர், மண்டல டீலர் என்று இறங்கி, கடைசியில் சேலத்துக் கடை.

ஒரு உதாரணக் கணக்கு. கடை 42,300-க்கு வாங்கி 44,000-க்கு விற்கிறது, இரண்டும் ஜிஎஸ்டி சேர்ந்த விலை. வரியைப் பிரிக்க 1.18-ஆல் வகுக்க வேண்டும்: விற்பனை 37,288, கொள்முதல் 35,847. நிற்பது 1,441 ரூபாய், நாலு சதவீதத்துக்கும் கீழே. 44,000-இல் 18 சதவீதத்தைக் கழித்தால் 36,080 வரும். அது தப்புக் கணக்கு. பிழை மட்டுமே 1,200 ரூபாய்க்கு மேல், அதாவது ஏறக்குறைய கடையின் மொத்த லாபம்.

இதிலிருந்து மேலும் கழியும். கிரெடிட் கார்டைத் தேய்த்தால் இரண்டு சதவீதம், 880 ரூபாய், வங்கிக்குப் போகும். 'கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேரும்' என்று சொல்வது அதனால்தான். வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் யுபிஐக்கு அந்தச் செலவு இல்லை. ஸ்டாக்கும் சும்மா உட்காராது. நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்குப் பணம் புரட்டிய கடையில் 42,300 ரூபாய் கார்டு ஒரு மாதம் அலமாரியில் இருந்தால் 634 ரூபாய் போச்சு. இரண்டே கால் மாதத்தில் 1,441-உம் காலி. இடையில் கம்பெனி விலையைக் குறைத்துவிட்டால், பழைய ஸ்டாக்குக்கான வித்தியாசம் சின்னக் கடை வரை வந்து சேரும் என்று சொல்ல முடியாது.

அதனால்தான் இங்கே கடைகளில் திரையில் படம் வருவதற்கு மட்டும் போடும் சின்னக் கார்டும், வேகமாக ஓடும் நடுத்தர மாடல் ஒன்றிரண்டும் இருக்கும். 5070-க்கு மேல் கேட்டால் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வரவழைத்துத் தருவார்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போது மாடலின் முழுப் பெயர், விலை, வரும் தேதி மூன்றையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். கார்டு வருவதற்குள் விலை ஏறினால் யார் தலையில் என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். அங்கேதான் தகராறு வரும்.

எங்கே பேரம் பேசுவது

கார்டில் 500 ரூபாய் குறைக்கச் சொல்லலாம். 3,000 குறைக்கச் சொன்னால் கடைக்காரர் சிரிப்பார். மார்ஜின் இருப்பது கேபினட், கூடுதல் ஃபேன், கேபிள், கீபோர்டு, மவுஸ் போன்றவற்றில். பவர் சப்ளையிலும் ஓரளவு உண்டு. எல்லாவற்றையும் ஒரே பில்லில் போட்டு, மொத்தத்தில் குறைக்கச் சொல்லுங்கள். மாட்டித் தரும் கூலியைத் தள்ளச் சொல்வதும் எளிது.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றால் வட்டி இல்லை என்று பொருளல்ல. ரொக்கத்துக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடி வட்டியாக மாறியிருக்கும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக உங்கள் ஸ்டேட்மென்டில் வரும். ரொக்க விலையையும் இஎம்ஐ விலையையும் தனித்தனியே கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் 5090 போல இரண்டு லட்சத்தைத் தாண்டும் கார்டுக்கு முழுத் தொகையையும் ரொக்கமாக வாங்கக் கடைக்குச் சட்டப்படி அனுமதி இல்லை.

பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். பில் இல்லாத கார்டுக்கு வாரண்டி கேட்பது பெரும்பாடு.

பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு என்று கிளம்புவோர் வித்தியாசத்தை முதலில் போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டாயிரத்துக்குக் குறைவு என்றால் கிளம்ப வேண்டாம். பஸ் கட்டணம், சாப்பாடு, ஒரு நாள் வேலை எல்லாம் போக மிச்சம் சொற்பம். கார்டு பழுதானால் இன்னொரு முறை அலைய வேண்டும்.

எந்த மாடலுக்கு எவ்வளவு கூட்டிக் கொடுக்கலாம்

ஒரே சில்லில் இரண்டு ஃபேன், மூன்று ஃபேன், வெள்ளை நிறம், விளக்கு வைத்தது என்று பத்து மாடல் வரும். பெட்டியில் 'ஓசி' (ஓவர்கிளாக், தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டியது) என்று போட்டிருப்பதால் வேகம் இரண்டு மூன்று சதவீதம் கூடினால் அதிகம். மலிவான மாடலைவிட 5 சதவீதம் கூடுதல் வரை கூலருக்காகக் கொடுக்கலாம். 10 சதவீதத்தைத் தொட்டால் அடுத்த படி கார்டு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கும். 5060 டிஐ 8 ஜிபியின் விலையுயர்ந்த மாடலை 44,000-க்கு வாங்குவதைவிட, ஆயிரத்து ஐந்நூறு சேர்த்து 16 ஜிபியின் எளிய மாடலை வாங்குவது நல்லது.

கார்டின் வெப்பம் அறை வெப்பத்தின் மேல் ஏறி நிற்பது. சித்திரை வெயிலில் சேலத்து மாடி அறையில் 250 வாட் இழுக்கும் 5070-க்குப் பெரிய கூலர் காசுக்குத் தகும். 145 வாட் 5060-க்கு இரண்டு ஃபேன் போதும். ஏற்காட்டில் இருப்பவர்கள் அந்தக் காசை நல்ல யுபிஎஸ்ஸில் போடலாம்.

பெயரை மட்டும் பார்த்து விலையை ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு. 6 ஜிபியில் கோர்கள் (கணக்குப் போடும் அலகுகள்) 2,560-க்குப் பதில் 2,304, நினைவகப் பாதை 128 பிட்டுக்குப் பதில் 96. ஜிடி 1030 இன்னும் மோசம்: ஜிடிடிஆர்5 மாடலின் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 மாடலில் 17-கூட இல்லை. கொட்டேஷனில் நினைவக வகையும் இருக்க வேண்டும்.

மதிப்பைக் கணக்கிட, நீங்கள் ஆடும் கேம், உங்கள் மானிட்டரின் ரெசல்யூஷன் இரண்டுக்கும் பொருந்தும் சோதனை முடிவை எடுத்து, விலையை நொடிக்கு வரும் ஃபிரேம் (படம்) எண்ணிக்கையால் வகுங்கள். கணக்குக்காக: 32,000 ரூபாய் கார்டு 80 ஃபிரேம் தந்தால் ஒன்றுக்கு 400, 45,500 கார்டு 100 தந்தால் 455. இரண்டாவதற்குப் பவர் சப்ளையும் மாற்ற வேண்டும், 5,500 ஆகும் என்றால் 510. இந்தக் கடைசித் தொகையைத்தான் பலரும் சேர்க்க மறக்கிறார்கள்.

பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு. 5060-உம் 5060 டிஐ-யும் போர்டோடு தரவு பேச எட்டு லேன் (தடம்) மட்டுமே பயன்படுத்தும், பிசிஐஇ 3.0 என்ற பழைய இணைப்பு உள்ள போர்டில், அதுவும் 8 ஜிபி நிரம்பிய பிறகு, வேகம் நன்றாக இறங்கும். 9060 எக்ஸ்டிக்குப் பதினாறு லேன். ஆர்க் பி580 விலைக்கு அருமையான கார்டு, ஆனால் ரீசைசபிள் பார் (பிராசசர் கார்டின் முழு நினைவகத்தையும் ஒரே நேரத்தில் எட்ட விடும் வசதி) இல்லாத போர்டில் போடவே வேண்டாம்.

இளம்பிள்ளையில் ஜக்கார்டு டிசைன் போடும் கணினிக்கு இவ்வளவு யோசனையே தேவையில்லை. ரேமுக்கும் நல்ல மானிட்டருக்கும் செலவு செய்யுங்கள். வீடியோ எடிட்டிங், ஃபோட்டோ ஸ்டுடியோ நடத்துவோர் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் பில்லில் தங்கள் எண்ணைப் போடச் சொல்ல வேண்டும். 35,400 ரூபாய் கார்டில் 5,400 உள்ளீட்டு வரியாகத் திரும்பும், அடக்கம் 30,000. கர்நாடகக் கடையில் வாங்கினாலும், பில்லில் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான ஜிஎஸ்டி) போட்டிருந்தால் அதே வரவு கிடைக்கும். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது.

கையில் வாங்கும்போது

பெட்டியில் இந்திய இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் உள்ள லேபிள் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாத கார்டு வேறு வழியாக வந்தது. இரண்டாயிரம் மலிவாக இருக்கும், இங்குள்ள சர்வீஸ் மையம் பெரும்பாலும் தொடாது. பெட்டி, கார்டு, பில் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். கடையின் டெஸ்ட் மெஷினில் மாட்டி, கார்டின் உள்விவரத்தைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய சில்லைப் புதுப் பெயரில் மாற்றி எழுதிய போலிக் கார்டு என்றால் பெரும்பாலும் அதிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு கால் மணி நேரம் லோடு கொடுத்து ஓட விடுங்கள்.

வாரண்டிக்குக் கார்டை எந்த ஊருக்கு அனுப்புவார்கள், கூரியர் செலவு யாருடையது என்பதையும் அங்கேயே கேளுங்கள். சில பிராண்டுகள் ஆன்லைனில் பதிவு செய்தால்தான் கூடுதல் ஆண்டு தரும், அதற்குக் கெடுவும் உண்டு. பெட்டியையும் உள்ளே வரும் ஆன்டிஸ்டேட்டிக் உறையையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பில்லைத் தெர்மல் தாளில் கொடுத்தால் அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். மூன்றாண்டு வாரண்டி முடியும் முன்பே எழுத்து மறைந்துவிடும்.