பென்டிரைவ் பூட் ஆகவில்லை என்றதும் பயோஸைக் கிளறாதீர்கள்

போன சனிக்கிழமை வில்லாபுரத்திலிருந்து கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் பழைய டெஸ்க்டாப் ஒன்றை ஸ்கூட்டரில் கட்டி எடுத்து வந்தார்கள். "அண்ணே, லைவ் பென்டிரைவ் போட்டுப் பார்த்தோம், பூட் ஆகலை. இப்ப விண்டோஸும் வரமாட்டேங்குது" என்றான் பெரியவன். அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. 2012இல் நானும் இதையேதான் செய்தேன். (லைவ் பென்டிரைவ் என்றால், ஹார்ட் டிஸ்க்கில் நிறுவாமலே லினக்ஸை ஓட்ட உதவும் பென்டிரைவ்.)

ஐஎஸ்ஓ ஃபைலை (லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஒற்றை ஃபைல்) அப்படியே பென்டிரைவில் காப்பி செய்வது, எஃப் 12 அழுத்தி பூட் மெனுவைத் திறக்க மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. இரண்டு தடவை செய்தால் தானாகத் திருந்திவிடும்.

எங்கே நின்றது என்று பார்க்காதது

"பூட் ஆகலை" என்ற ஒரு சொல்லுக்குள் பல கோளாறுகள் இருக்கின்றன. பூட் மெனுவில் (எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பட்டியல்) பென்டிரைவின் பெயரே வரவில்லை என்றால் போர்ட்டையும் பயோஸையும் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) பார்க்க வேண்டும். பெயர் வந்து, தேர்ந்தெடுத்த பிறகு கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் எழுதிய விதம் தப்பு. யூஇஎஃப்ஐக்கு (பழைய பயோஸுக்குப் பதிலாக வந்த புது முறை) மட்டும் என்று எழுதிய பென்டிரைவிலிருந்து பழைய பயோஸ் கிளம்பாது. ரூஃபஸில் (ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதும் மென்பொருள்) எழுதும்போது பார்ட்டிஷன் வகையில் ஜிபிடியை விட்டு எம்பிஆரைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் பாதி ஓடிய பிறகு படிக்க முடியவில்லை என்று வரிவரியாகப் பிழை கொட்டினால் டவுன்லோடு அரைகுறை, அல்லது பென்டிரைவ் மோசம். ஐஎஸ்ஓவின் ஷா 256 எண்ணை (ஃபைல் பிழையில்லாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபார்த்துவிட்டு வேறு பென்டிரைவில் எழுதுங்கள்.

நம் பக்கத்து வீடுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கிளப்பும் மெனுவைப் பார்த்துவிட்டு, பென்டிரைவின் மெனுதான் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பென்டிரைவை உருவிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போதும் அதே மெனு வந்தால் அது ஹார்ட் டிஸ்க்குடையது.

பயோஸில் கண்டதையெல்லாம் மாற்றுவது

இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள்.

2012இல் நடந்தது. கீழமாசி வீதியில் ஒரு மிளகாய் வத்தல் மொத்தக் கடை. விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய கம்ப்யூட்டர், உள்ளே வைரஸ். லைவ் லினக்ஸில் ஏற்றி டேலி கணக்கை வெளியே எடுத்துவிட்டு அப்புறம் சுத்தம் செய்யலாம் என்று போனேன். பென்டிரைவ் பூட் ஆகவில்லை. பூட் ஆர்டரை மாற்றினேன், வரவில்லை. க்விக் பூட்டை அணைத்தேன். சாட்டா மோடை (ஹார்ட் டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) பழைய ஐடிஇயிலிருந்து புதிய ஏஹெச்சிஐக்கு மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னிடம் பதில் இல்லை. எது எப்படி இருந்தது என்று ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை. எஃப் 10 அழுத்தி சேவ் செய்தேன். பென்டிரைவ் வரவேயில்லை. எக்ஸ்பியும் போனது. நீலத்திரை ஒரு நொடி மின்னிவிட்டு மெஷின் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனது.

"ஹார்ட் டிஸ்க் போயிருச்சு அண்ணாச்சி" என்றேன். அவர் என்னை நம்பினார். அன்று மாலையே புது டிஸ்க் வாங்கிப் போட்டார். பழையதை அடுத்த வாரம் யாரோ ஃபார்மட் செய்து வேறு மெஷினில் மாட்டிவிட்டார்கள். நாலு வருடக் கணக்கைப் பில் புத்தகங்களிலிருந்து கணக்குப்பிள்ளை உட்கார்ந்து மறுபடி ஏற்றினார். அந்த டிஸ்க்குக்கு ஒரு கேடும் இல்லை என்று சில மாதம் கழித்து என் சொந்தக் கம்ப்யூட்டரில் அதே நீலத்திரை வந்தபோதுதான் புரிந்தது.

நடந்தது இதுதான். எக்ஸ்பிக்குள் ஏஹெச்சிஐ டிரைவரே கிடையாது. விண்டோஸ் 7இல் உண்டு, ஆனால் ஐடிஇயில் வைத்து நிறுவியிருந்தால் அந்த டிரைவர் அணைந்து கிடக்கும். சாட்டா மோடை மாற்றியதும் விண்டோஸுக்குத் தன் சொந்த டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியாது. நீலத்திரையில் 7பி என்று முடியும் எண் வரும். எஃப் 8 அழுத்தி, தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தினால் அதைப் படிக்கலாம். மோடைப் பழையபடி வைத்தால் விண்டோஸ் எழுந்துவிடும். லினக்ஸோ இரண்டு டிரைவரையும் கையிலேயே வைத்திருக்கும். பென்டிரைவ் பூட் ஆவதற்கும் சாட்டா மோடுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதைத் தொட வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆகவே பயோஸுக்குள் போனதும் முதல் வேலை, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுப்பது. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 'லோட் டீஃபால்ட்ஸ்' பக்கம் போகவே வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே அடியில் மாற்றிவிடும், சாட்டா மோடும் அதில் அடக்கம். யூஇஎஃப்ஐ உள்ள மெஷின் என்றால் செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பம் இல்லாதது பூட் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) அணைக்கும் முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பெரும்பாலானவர்கள் அப்படி ஒன்று இருப்பதையே அப்போதுதான் கேள்விப்படுவார்கள்.

சரி, அந்தக் கடையில் பென்டிரைவ் ஏன் வரவில்லை? பழைய பயோஸ்கள் பல, பென்டிரைவை இன்னொரு ஹார்ட் டிஸ்க்காகவே எண்ணும். பூட் ஆர்டரில் 'ரிமூவபிள்' என்பதை மேலே ஏற்றினால் பயன் இருக்காது. 'ஹார்ட் டிஸ்க் டிரைவ்ஸ்' என்ற உள்மெனுவைத் திறந்தால் அங்கே இரண்டாவதாக இருக்கும், அதை முதலாவதாக்க வேண்டும். பென்டிரைவைச் செருகிவிட்டு ஆன் செய்தால்தான் அந்தப் பட்டியலில் பெயரே வரும்.

செத்த பேட்டரி

தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி முடிந்துவிட்டது. மின்சாரம் போகும்போதெல்லாம் பயோஸ் தானாகவே டீஃபால்ட்டுக்குப் போகும், நீங்கள் கஷ்டப்பட்டு வைத்த பூட் ஆர்டரும் அதோடு போகும். மேலே சொன்ன 7பி நீலத்திரை யாரும் தொடாமலே வந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம். லைவ் லினக்ஸ் வந்தாலும் தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எந்தப் பக்கத்தையும் நம்பித் திறக்காது. பேட்டரியை மாற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

நீல நிற போர்ட்

நீலம் யூஎஸ்பி 3. பழைய பயோஸ்கள் பலவற்றுக்கு அதிலிருந்து பூட் செய்யத் தெரியாது. கறுப்பில் (யூஎஸ்பி 2) செருகுங்கள், அதுவும் கேபினட்டின் பின்பக்கம்.

64 பிட் பிடிவாதம்

ஆட்டம் என்270 பிராசஸர் போட்ட 2008 காலத்து நெட்புக்கில் (சின்ன லேப்டாப்) 64 பிட் லினக்ஸ் ஓடவே ஓடாது. இந்தக் கர்னலுக்கு வேறு பிராசஸர் வேண்டும் என்று திரையிலேயே எழுதிக் காட்டிவிட்டு நிற்கும். படிக்காமல் ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருப்பார்கள். உபுண்டு டெஸ்க்டாப் 2017இல் 32 பிட்டை நிறுத்திவிட்டது. ஆன்டிஎக்ஸ், பப்பி என்ற இலகுவான லினக்ஸ்கள் இரண்டிலும் 32 பிட் பதிப்பு உண்டு. கோர் 2 டுவோ என்றால் இந்தக் கவலை இல்லை.

மெனுவுக்குப் பிறகு கறுப்புத் திரை

அந்த மெனுவிலேயே, லினக்ஸ் மின்ட் என்றால் 'கம்பாட்டிபிலிட்டி மோட்', உபுண்டு என்றால் 'சேஃப் கிராபிக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கிராபிக்ஸ் கார்டுகளுக்கு அநேகமாக அதுவே போதும்.

வில்லாபுரம் பையன்களின் மெஷினில் சாட்டா மோடை ஐடிஇக்குத் திருப்பியதும் விண்டோஸ் 7 எழுந்துவிட்டது. பென்டிரைவ், நான் எதிர்பார்த்தபடியே, ஹார்ட் டிஸ்க் உள்மெனுவில் இரண்டாவதாக இருந்தது. லைவ் வந்ததும் அவர்கள் அக்கா கல்யாணப் படங்களை முதலில் வெளியே எடுக்க வைத்தேன். பேட்டரி மாற்றி மூடப் போகும்போது சின்னவன் ஒரு துண்டுத் தாளில் 'சாட்டா: ஐடிஇ, மாத்தாதே' என்று எழுதி கேபினட் மூடியின் உள்பக்கம் ஒட்டினான்.