குரோமியத்தைப் பிடிக்க நார்க்கழிவு: எங்கே தவறு நடக்கிறது?

ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியம் கலந்த கழிவுநீரால் பாலாறும் கிணறுகளும் கெட்ட விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் தீர்ப்பும் வந்தது. அந்த ஊர்களை நினைக்கும்போது, தென்னை நார்க்கழிவு, புளியங்கொட்டை, கடலைத்தோல் போன்றவற்றால் கழிவுநீரிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கும் ஆய்வுகள் எவ்வளவு முக்கியம் என்று புரியும். இவை உண்மையிலேயே வேலை செய்யும். தாவரப் பொருளில் உள்ள கார்பாக்சில், ஹைட்ராக்சில் எனப்படும் அணுத்தொகுதிகள் நீரில் கரைந்த உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் கல்லூரி ஆய்வகத்திலும் சிறு பட்டறையிலும் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

தெளிந்த நீரெல்லாம் சுத்தமான நீர் என்று நம்புவது அதில் ஒன்று. தேற்றான்கொட்டையும் முருங்கை விதையும் கலங்கலை அடியில் படிய வைக்கும், சரி. நீரில் கரைந்திருக்கும் ஈயமோ காட்மியமோ கண்ணுக்குத் தெரியாது. சோதித்துத்தான் சொல்ல முடியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, எந்த உலோகம், எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் தொடங்குவது. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம் (இணைதிறன் என்பது பிற அணுக்களோடு சேரும் திறனின் அளவு). முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து வருவது பெரும்பாலும் ஆறு இணைதிறன் குரோமியம்; நஞ்சு அதிகம். இது நீரில் எதிர்மின் அயனியாக இருப்பதால், பிஎச் 2 போன்ற அமிலநிலையில்தான் தாவரப் பொருளில் நன்றாக ஒட்டும். அதே நேரத்தில் அந்தப் பொருள் அதில் ஒரு பகுதியை மூன்று இணைதிறனாக மாற்றி நீரிலேயே விட்டுவிடும். ஆறு இணைதிறனை மட்டும் காட்டும் நிறச் சோதனையைச் செய்து, ‘முழுதும் நீங்கிவிட்டது’ என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மொத்தக் குரோமியத்தையும் அளந்தே ஆக வேண்டும். நீர்நிலைகளில் விட நம் நாட்டுப் பொது வரம்பு, ஆறு இணைதிறனுக்கு லிட்டருக்கு 0.1 மி.கி., மொத்தத்துக்கு 2 மி.கி.

ஈயம், செம்பு விஷயத்தில் கதை தலைகீழ். அமிலம் கூடினால் ஹைட்ரஜன் அயனிகளே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிஎச் 5-ஐ ஒட்டி நன்றாக ஒட்டும். அதற்காகக் காரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் உலோகம் ஹைட்ராக்சைடாகத் தானே படிந்துவிடும். அந்தப் பெருமையைக் கடலைத்தோலுக்குக் கொடுக்கக் கூடாது. கடலைத்தோல் போடாத நீரையும் அதே பிஎச்சில் வைத்து ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

அப்புறம் சதவீத மயக்கம். லிட்டருக்கு 100 மி.கி. குரோமியம் உள்ள நீரில் 95 சதவீதம் நீங்கினாலும் மிச்சம் 5 மி.கி.; வரம்பு தாண்டியதுதான். ஒரு கிராம் பொருள் எத்தனை மி.கி. பிடிக்கிறது என்பதே பயனுள்ள கணக்கு. அது 20 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 3,000 மி.கி. குரோமியம் உள்ள நீர் 1,000 லிட்டர் வந்தால், 3 கிலோ குரோமியத்துக்கு 150 கிலோ நார்க்கழிவு வேண்டும். தோல் பதனிட்டு வெளியேறும் குரோம் நீர் இப்படித்தான் அடர்த்தியாக இருக்கும். அதை முதலில் மெக்னீசியம் ஆக்சைடு போன்ற காரத்தால் படியவைத்து, குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்துவதே சரி. தாவரப் பொருளின் இடம், கடைசியில் மிஞ்சும் கொஞ்சத்தைப் பிடிக்கும் கட்டம்.

காய்ச்சி வடித்த நீரில் கரைத்த ஒற்றை உலோகத்தை வைத்துச் சோதித்துவிட்டு ஆலைக்குப் போவதும் ஆபத்து. உண்மையான கழிவுநீரில் உப்பு, சுண்ணம், சாயம், கொழுப்பு எல்லாம் போட்டிக்கு நிற்கும். கழுவாத நார்க்கழிவிலிருந்து பழுப்பு நிறம் இறங்கி, நீரின் கரிமச் சுமை ஏறும். மாவாக அரைத்தால் குழாய்க்குள் அடைத்துக்கொள்ளும்.

உலோகத்தைப் பிடித்த பொருளை உரக்குழியில் போடுவதை என்னால் ஏற்கவே முடியாது. அந்த உலோகம் வயலுக்குப் போகும். எரிப்பதும் தீர்வல்ல, காற்றோட்டத்தில், காரத்தன்மையுள்ள சாம்பலில், மூன்று இணைதிறன் குரோமியம் மீண்டும் ஆறாக மாறக்கூடும். அமிலத்தில் கழுவி உலோகத்தை மீட்கலாம். ஆனால் கழுவிய அமிலத்துக்கும் ஒரு வழி வேண்டும். மீட்க முடியாததை அபாயகரக் கழிவாகப் பதிந்து, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற பாதுகாப்பான நிலநிரப்பு இடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்த பிறகுதான் நார்க்கழிவு முறை மலிவா என்று சொல்ல முடியும்.