பாடாங் சாப்பாட்டுக் கடையில் சாப்பிடுவது எப்படி

இந்தோனேசியாவில் எந்த ஊருக்குப் போனாலும் மேற்குச் சுமத்ராவில் வாழும் மினாங்கபாவ் மக்களின் சமையல் கிடைக்கும். அங்குள்ள பாடாங் நகரின் பெயரால்தான் இந்தக் கடைகளை அழைக்கிறார்கள். கண்ணாடி அலமாரியில் தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தால், அதுதான் பாடாங் கடை.

உட்கார்ந்ததும், கேட்காமலேயே பத்துப் பதினைந்து சிறு தட்டுகள் மேசைக்கு வரலாம். இந்தப் பரிமாறும் முறைக்கு 'ஹிடாங்' என்று பெயர். பதற வேண்டாம், தொட்டதற்கு மட்டும்தான் காசு. ஒரு தட்டில் இரண்டு துண்டு இருந்து ஒன்றைச் சாப்பிட்டால், ஒன்றுக்குத்தான் கணக்கு. வேண்டாத தட்டில் கரண்டியை விடாமல் ஓரமாகத் தள்ளி வையுங்கள். கொறிக்கும் தீனி போலத் தெரியும் பொரித்த மாட்டு நுரையீரலும் கணக்கில் சேரும். தனியாகப் போனால் அலமாரியைக் காட்டிக் கேட்பது நல்லது: சோறு, ஒரு ரெண்டாங் (தேங்காய்ப்பாலில் வற்றவிட்ட மாட்டிறைச்சி), மரவள்ளிக் கீரை, பச்சை மிளகாய் சம்பல் (காரத் துவையல்). ஒருவருக்கு இது தாராளம்.

கிண்ணத்தில் வரும் தண்ணீர் கை கழுவ, குடித்துவிடாதீர்கள். வலக்கையால் பிசைந்து சாப்பிடலாம், நமக்குப் பழக்கம்தானே.

சைவர்களுக்குச் சிக்கல் உண்டு. 'குலாய்' எனும் தேங்காய்ப்பால் குழம்பில் பலாக்காய் போட்டிருந்தாலும் இறைச்சிச் சாறும், சம்பலில் நெத்திலியும் இருக்கலாம். கேட்டுவிட்டே எடுங்கள்.

'தே மானிஸ்' இனிப்புத் தேநீர். சர்க்கரை வேண்டாமென்றால் 'தே தாவார்'. கூடுதல் சோற்றுக்கு 'தம்பா நாசி', பொட்டலத்துக்கு 'புங்குஸ்'. முடித்ததும் ஊழியரைக் கூப்பிட்டால் மேசையிலேயே தட்டுகளைப் பார்த்துக் கணக்குப் போடுவார்.