‘பார்ன் அகெய்ன்’ கேக்கப் போறீங்களா? ட்ரெபிள்ல மட்டும் கை வெக்காதீங்க

போன மாசம் வலங்கைமான் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி நம்ம சவுண்ட் செட்டுக்கு வேலைக்கு வந்தான், இருபது வயசு இருக்கும், ஹெவி மெட்டல் பாட்டுன்னா உயிரு. கும்பகோணத்துல நம்ம குடோன்ல ஆர்டர் இல்லாத ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு ஜோடி டாப் ஸ்பீக்கரும் பேஸ் பாக்ஸும் கட்டிட்டு நாலஞ்சு பேரா ஒக்காந்து ஒரு முழு ஆல்பம் கேப்போம், அன்னிக்கு இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழு பிளாக் சப்பாத்தோட 1983 ஆல்பம் ‘பார்ன் அகெய்ன்’ போட்டேன். மொத பாட்டு அரை நிமிஷம் ஓடல, “அண்ணே என்னண்ணே ஒரே கொழகொழன்னு இருக்கு”ன்னு ஈக்வலைசர் பக்கம் கைய கொண்டு போயிட்டான். புடிச்சு நிறுத்திட்டேன். நானும் அவன் வயசுல அதே கையத்தான் நீட்டினேன், அதுக்கு நான் குடுத்த வெல எனக்குத்தான் தெரியும்.

இந்த ஆல்பத்த தலையில வெச்சு கொண்டாடுறவங்களும் இருக்காங்க, சப்பாத் பேர சொல்லவே தகுதியில்லாததுன்னு ஒதுக்குறவங்களும் இருக்காங்க. நான் மொத கூட்டம். ஒதுக்குறவங்கள்ல பாதிப் பேரு சரியா கேக்காமலே ஒதுக்குனவங்கங்கறதுதான் என் வருத்தம். போன் ஸ்பீக்கர்ல கேக்காத, வண்டி ஓட்டிக்கிட்டே கேக்காத, இதெல்லாம் நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, அத விட்டுடுவோம். மத்தபடி இத கேக்கறப்ப பண்ணக்கூடாத தப்பு ஒவ்வொண்ணா சொல்றேன்.

பழைய பாடகரத் தேடிக்கிட்டே கேக்கறது

சப்பாத்தோட மொத பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 1979ல வெளிய போனாரு, ரானி ஜேம்ஸ் டியோ வந்து ரெண்டு ஸ்டுடியோ ஆல்பம் பாடிட்டு 1982 கடைசில போனாரு, அதுக்கப்புறம் வந்தவருதான் டீப் பர்ப்பிள் குழுவுல பாடின இயன் கில்லன். இவரு பேய் பிசாசுன்னு யோசிச்சு எழுதற ஆளு இல்ல. ஆக்ஸ்ஃபோர்ட்ஷையர்ல மேனர் ஸ்டுடியோவுல ரெக்கார்டிங் நடந்தப்ப கட்டடத்துல தங்காம வெளிய கூடாரம் போட்டுத் தங்குனவரு, குடிச்சிட்டு ட்ரம்மர் பில் வார்டோட கார எடுத்துட்டுப் போயி கவுத்தத அப்டியே மொத பாட்டா எழுதிட்டாரு, அதான் ‘ட்ராஷ்ட்’. திரும்பத் திரும்ப வர்ற அந்த கும்மிருட்டு கிட்டார் ரிஃப்புக்கு மேல இந்த மனுஷன் கிறீச்சுன்னு கத்தி சிரிக்கறத கேக்கறப்ப மொத தடவ ஒட்டாது. டியோ பாடியிருந்தா எப்டி இருக்கும்னு யோசிச்சுக்கிட்டே கேட்டீங்கன்னா கடைசி வரைக்கும் ஒட்டாது.

அட்டையப் பாத்து ஒதுக்கறது

கொம்பும் கோரப்பல்லும் வெச்ச செவப்புக் கொழந்த. பில் வார்டுக்கே புடிக்காத அட்டை. பாட்டு உள்ள இருக்கு.

ட்ரெபிள, அதாவது மேல் சத்தத்த, ஏத்தி ‘சரி பண்ண’ பாக்கறது

இதுதான். இன்னிக்கு வரைக்கும் எவன் இத பண்ணாலும் எனக்கு கோவம் வரும்.

அப்ப நான் புதுசா சொந்த செட் போட்ட நேரம், பாதி சாமான் வாடகைக்கு எடுத்தது. மலேசியாவுலேர்ந்து வந்த சொந்தக்காரரு ஒருத்தரு கிட்ட இந்த ஆல்பம் கிடைச்சுது. மறுநாள் காலைல திருவிடைமருதூர்ல ஒரு கல்யாணம், நாயனம் மேளத்துக்கு நம்ம மைக் செட்டு. மொத நாள் ராத்திரி டெஸ்டிங்குன்னு சொல்லிட்டு இத போட்டேன். கிட்டார் எங்க முடியுது பேஸ் எங்க ஆரம்பிக்குதுன்னே புரியல, எல்லாத்து மேலயும் ஒரு கம்பளிய போத்துன மாதிரி. சரி நாம தெளிவாக்கிடலாம்னு 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல இருக்கற ஸ்லைடர் எல்லாத்தையும் 12 டெசிபல் ஏத்துனேன். தெளிவு வரல, இஸ்ஸுன்னு எரைச்சல்தான் வந்துச்சு. வால்யூம கூட்டுனேன். கொஞ்ச நேரத்துல காதுக்கு அது பழகிடுச்சு, எரைச்சல் கூட கொறஞ்ச மாதிரி இருந்துச்சு, நல்லா வந்துடுச்சுன்னு சந்தோஷமா ‘ஸீரோ த ஹீரோ’வ ரெண்டு தடவ போட்டேன்.

எரைச்சல் கொறைல. ரெண்டு டாப்புலயும் மேல் சத்தம் குடுக்கற ஹார்னோட டயஃப்ரம் எரிஞ்சு போச்சு.

காலைல மண்டபத்துல நாயனக்காரரு சீவாளிய வாயில வெச்சு ஊதுனாரு, ஸ்பீக்கர்ல யாரோ பக்கத்து வீட்டு சமையக்கட்டுல ஊதற மாதிரி வருது. வித்வான் ஒரு வார்த்த சொல்லல, மைக்க தள்ளி வெச்சுட்டு சும்மாவே வாசிச்சாரு. அந்த பார்வை இன்னும் மறக்கல. ரெண்டு டயஃப்ரம் திருச்சியிலேர்ந்து வாங்கி, வாடகைக்கு குடுத்தவருக்கு சமாதானம் சொல்லி, கல்யாண வீட்டு பாக்கியும் வராம, அன்னிக்கு 7,000 ரூபா போச்சு. அப்ப அது எனக்கு ரெண்டு மாச சாப்பாடு.

கணக்கு இதுதான், புதுசா வர்ற பசங்க இத எழுதி வெச்சுக்கணும். 3 டெசிபல் ஏத்துனா பவர் ரெண்டு மடங்கு. 12 டெசிபல்னா 16 மடங்கு. பாக்ஸ்ல என்ன வாட்ஸ் போட்டிருந்தாலும் அதுல பெரும்பகுதிய தாங்கறது பேஸ் கோன்தான், மேல் சத்தம் குடுக்கற ட்வீட்டரோட காயில் தலைமுடி மாதிரி மெல்லிசு கம்பி, அது தாங்கறது கொஞ்சந்தான். அதோட இந்த ஆல்பத்துல மேல் சத்தமே கம்மி. இல்லாத எடத்துல ஏத்துனா எங்கேர்ந்து வரும், டேப்போட எரைச்சல்தான் பெருசாகி வரும். சத்தம் குமிஞ்சு கெடக்கறது கீழ, 200லேர்ந்து 400 ஹெர்ட்ஸ் வரைக்கும். கை அரிச்சா அங்க ஒரு 2, 3 டெசிபல் கொறைங்க, பேஸ் பாக்ஸ செவுத்து மூலையிலேர்ந்து ரெண்டடி முன்னாடி இழுங்க, போதும். கொறைக்கறதால எந்த ஸ்பீக்கரும் எரியாது.

என்னைய ரொம்ப யோசிக்க வெச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ஸ்டுடியோவுல கில்லன் ரொம்ப சத்தமா போட்டு கேட்டதுல ட்வீட்டர் போயிடுச்சு, அத யாரும் கவனிக்கலன்னு கிட்டாரிஸ்ட் டோனி அயோமியே பின்னாடி சொல்லியிருக்காரு. மிக்ஸ், மாஸ்டரிங், பிரஸ்ஸிங், இதுக்கு நடுவுல எங்கயோ தப்பாயிடுச்சுங்கறாரு. அத கேட்டப்ப எனக்கு திருவிடைமருதூர் மண்டபம்தான் ஞாபகம் வந்துச்சு. ட்வீட்டர் எரியறப்ப டமால்னு வெடிக்காது, சத்தமில்லாம போயிடும், பத்து நிமிஷத்துல காது இதுதான் சரியான சத்தம்னு நம்ப ஆரம்பிச்சிடும், அதுக்கப்புறம் நாம பண்ற ஒவ்வொரு முடிவும் தப்பாத்தான் போகும். அதனாலதான் நான் எந்த ஸ்லைடரத் தொடறதுக்கு முன்னாடியும் நம்மளே பதிவு பண்ணி வெச்சிருக்கற ஒரு தவில் தனிய ரெண்டு நிமிஷம் போட்டுப் பாப்பேன். வலந்தலை சுள்ளுன்னு வரணும், தொப்பி தும்முன்னு வயித்துல விழணும். அது சரியா வந்தா செட்டு சரி, கொழகொழப்பு ஆல்பத்தோடது.

அப்டி தெரிஞ்சுக்கிட்டு கேட்டா அந்த கொழகொழப்பே வேற மாதிரி ஆயிடும். கோயில் கல் பிரகாரத்துல மேளம் வாசிக்கறப்ப ஒரு அடி இன்னொரு அடி மேல விழுந்து செவுரெல்லாம் அதிரும், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியா கேக்காது, அதுக்காக யாரும் எழுந்து போறதில்ல. ‘ஸீரோ த ஹீரோ’ ஏழரை நிமிஷம் ஒரே ரிஃப்ப அரைச்சுக்கிட்டே போவுது, கீஸர் பட்லரோட பேஸ் கிட்டார் அதுக்கு அடியில சேறு மாதிரி. டெத் மெட்டல் ஆளுங்க கானிபல் கார்ப்ஸ் 1993ல இதே பாட்ட எடுத்து வாசிச்சாங்க. அந்த கனம் அவங்களுக்கு புடிபட்டிருக்கு.

ரீமாஸ்டர் வாங்கினா சரியாயிடும்னு நம்பறது

ரீமாஸ்டர் வேற, ரீமிக்ஸ் வேற. பேஸும் கிட்டாரும் கலந்து முடிஞ்ச டேப்ப பாலிஷ் போடறதுதான் ரீமாஸ்டர், சாம்பாருக்கு தாளிக்கறப்ப உள்ள கெடக்கற பருப்ப தனியா எடுக்க முடியாதுல்ல. ஆனா 2011ல வந்த ரெண்டு டிஸ்க் பதிப்ப வாங்குங்க, காரணம் வேற: ரெண்டாவது டிஸ்க்ல 1983 ஆகஸ்ட்ல இங்கிலாந்து ரீடிங் இசை விழாவுல வாசிச்ச கச்சேரி இருக்கு. மேடையில ட்ரம்ஸ் பில் வார்ட் இல்ல, இ.எல்.ஓ.ங்கற ராக் குழுவோட பெவ் பெவன். ‘ஸீரோ த ஹீரோ’வ மொதல்ல அதுல கேட்டுட்டு அப்புறம் ஆல்பத்துல கேளுங்க, சேத்துக்குள்ள எது எங்க இருக்குன்னு காது தானா கண்டுபுடிச்சிடும்.

ஷஃபுள்ல போடறது

‘ஸ்டோன்ஹெஞ்ச்’ முடிஞ்சு ‘டிஸ்டர்பிங் த ப்ரீஸ்ட்’ வரணும். ‘த டார்க்’ முடிஞ்சு ‘ஸீரோ த ஹீரோ’ வரணும். மாத்தாதீங்க.

பில் வார்ட கவனிக்காம விடறது

அவரு வாசிச்ச கடைசி சப்பாத் ஸ்டுடியோ ஆல்பம் இது, அதுக்கப்புறம் முழு ஆல்பம் இல்ல. டைட்டில் பாட்டுல ஒரே வேகத்துல மெதுவா போறப்ப அந்த அடி கொஞ்சம் பின்னாடி வந்து விழும் பாருங்க, அவசரமே இருக்காது. கில்லனும் அதுல கத்தறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் அடக்கித்தான் பாடறாரு. இந்த ஒரு பாட்டுக்காகவே இந்த ஆல்பத்த நான் யாருகிட்டயும் விட்டுக்குடுக்க மாட்டேன்.

நேத்து ஞாயித்துக்கிழமை அந்த தம்பிய மறுபடி ஒக்கார வெச்சு போட்டேன். மொதல்ல தவில், அப்புறம் ரீடிங் கச்சேரி, அப்புறம் ஆல்பம் முழுசா. கைய கட்டிக்கிட்டு கேட்டான். டைட்டில் பாட்டு முடிஞ்சப்ப கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், “பேஸ் ஜாஸ்திதாண்ணே”ன்னான். ஆமாடா, ஜாஸ்திதான்னேன். “அந்த பாட்ட இன்னொரு தடவ போடுண்ணே”ன்னான்.