சின்ன ஊர் நூலகத்தில் நிகழ்ச்சி நடத்துவது எப்படி: எதிர்க்கடைக்காரன் குறிப்புகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு பேரூராட்சியில் எனக்கு ஜெராக்ஸ் கடை. கடைக்கு நேர் எதிரே கிளை நூலகம். அதன் வாசகர் வட்டத்துக்கு நான்தான் செயலாளர்; வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் வந்த பதவி என்று வைத்துக்கொள்ளுங்கள். "உங்க நூலகத்துல மட்டும் மாசாமாசம் எப்படிங்க ஏதாவது நடக்குது?" என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடையில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ இது பொருந்தாது. அங்கே அரங்கம் உண்டு, ஏ.சி. உண்டு, ஏற்பாடு செய்ய ஆள் உண்டு. இது இரண்டு அறை, ஒரு வராண்டா, ஒரே ஒரு நூலகர் இருக்கும் இடத்துக்கானது.

எங்களுக்கு ஒரே கணக்குத்தான். வந்தவர் கிளம்பும்போது கையில் ஒரு புத்தகமோ, பூர்த்தி செய்த உறுப்பினர் படிவமோ இருக்க வேண்டும். அது நடக்காதென்றால் அதே கூட்டத்தைக் கல்யாண மண்டபத்திலேயே போட்டுக்கொள்ளலாம். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

முதலில் நூலகரிடம் போங்கள்

யோசனையோடு போங்கள், முடிவோடு போகாதீர்கள். எங்கள் நூலகர் மேடம் ஒருவரே புத்தகம் கொடுக்கிறார், வாங்குகிறார், பத்திரிகைகளை அடுக்குகிறார், மாவட்ட மைய நூலகத்துக்குக் கூட்டத்துக்கும் போய்வருகிறார். "வர்ற ஞாயிறு பட்டிமன்றம் வச்சுட்டோம் மேடம், சாவி வேணும்" என்று போய் நின்றால் யாருக்கும் எரிச்சல் வரும்தான். "என்ன செய்யலாம் மேடம், உங்களுக்கு எந்த நாள் தோதுப்படும்?" என்று கேட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். எந்தப் புத்தகங்களை வருஷக்கணக்கில் யாரும் தொடவில்லை, எந்த வயதுப் பிள்ளைகள் வருவதே இல்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நிகழ்ச்சிக்கான தலைப்பு அதற்குள்தான் இருக்கிறது.

அப்புறம் அனுமதி. மாவட்ட நூலக அலுவலருக்கு, நூலகர் வழியாக, ஒரு பக்கக் கடிதம். தேதி, நேரம், என்ன நிகழ்ச்சி, யார் பேசுகிறார், எத்தனை பேர் வருவார்கள், நூலகத்துக்குச் செலவு எதுவும் கிடையாது, கட்சிப் பேச்சும் மதப் பேச்சும் இருக்காது, அவ்வளவுதான். குறைந்தது இரண்டு வாரம் முன்னால் கொடுங்கள். வாய்மொழியாகச் சரி என்று சொன்னாலும் கடிதம் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு யாராவது புகார் போட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நூலகர், நீங்களும் நானும் இல்லை.

"அரசாங்க இடத்துல நம்மளை எப்படி விடுவாங்க?" என்று தயங்குபவர்களிடம் நான் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கச் சொல்வேன். நூலக வரி என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கும். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி வந்த வரி அது. இப்போது சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. நூலகம் நம் காசில்தான் நடக்கிறது. உரிமையோடு போகலாம், அதிகாரத்தோடு போகக்கூடாது.

நாள் பார்ப்பது

கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனியும் விடுமுறை. இது தெரியாமல் வெள்ளிக்கிழமைக்கு நோட்டீஸ் அடிக்கச் சொல்லி என் கடைக்கு வருபவர்கள் உண்டு. ஞாயிறுதான் நல்லது. தனியாக வைக்கும் நிகழ்ச்சி என்றால் ஞாயிறிலும் முகூர்த்த நாளைத் தள்ளிவிடுங்கள். ஆவணியில் கல்யாண வீட்டோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. எங்கள் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுப்பும் சம்பா நடவும் சேர்ந்தே வரும். அப்போது பெரியவர்களுக்கான கூட்டத்தைச் சாயங்காலம்தான் வைக்க வேண்டும். மார்கழி எங்களுக்குப் பொற்காலம். கல்யாணம் கிடையாது, பேச்சாளர்களும் சும்மா இருப்பார்கள், வெயிலும் இருக்காது. அக்டோபர் 2, மே 1 மாதிரி கிராம சபை நாட்களை விட்டுவிடுங்கள்.

வருஷத்துக்கு ஒரு பெரிய விழா எடுத்து மூச்சு வாங்குவதைவிட, மாதம் இரண்டு சின்ன நிகழ்ச்சி மேல். முதல் ஞாயிறு காலை பிள்ளைகளுக்குக் கதை நேரம். மூன்றாம் ஞாயிறு மாலை நூல் அறிமுகம். இந்த இரண்டு நாட்களை மாற்றவே மாற்றாதீர்கள். "முதல் ஞாயிறுன்னா கதை" என்று பிள்ளைகள் வாயில் வந்துவிட்டால் நோட்டீஸே தேவைப்படாது.

இதற்கு மேல் வருஷத்தில் சில நாட்கள் தானாகவே கிடைக்கும். ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம். ஆகஸ்ட் 12 நூலகர் தினம். நம் சீர்காழியில் பிறந்த, இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன் நினைவாக. அன்றைக்கு எங்கள் வட்டம் நூலகருக்கு ஓய்வு கொடுத்து, தூசி தட்டி அலமாரி அடுக்கிக் கொடுக்கும். எங்களுக்கென்று இன்னொரு நாளும் இருக்கிறது, அக்டோபர் 21. 1931-இல் அந்த நாளில்தான் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகும் நூலகத்தைத் தொடங்கினார். அந்த நாளை ஒட்டி வரும் ஞாயிறில் நாங்கள் ஒரு டாடா ஏஸில் புத்தகம் அடுக்கித் தெருத்தெருவாகப் போவதுண்டு. புத்தகங்கள் வட்டத்து ஆட்களின் சொந்தப் புத்தகங்கள். நூலகப் புத்தகத்தைக் கணக்கில்லாமல் வெளியே எடுக்காதீர்கள். வண்டியில் உறுப்பினர் படிவம் மட்டும் நிறைய இருக்கட்டும். உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு நாள் இருக்கும், தேடிப் பாருங்கள்.

கதை நேரம்

இதற்கு வேண்டியது பாய், ஜன்னலோரம், ஒரு மணி நேரம். மைக் வேண்டவே வேண்டாம். நூலகத்தில் காலையிலேயே வந்து உட்கார்ந்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். தினமும் வருகிற வாசகர்கள் அவர்கள்தான், அவர்களைத் துரத்திவிட்டு நிகழ்ச்சி நடத்துவதில் அர்த்தமே இல்லை. கதை வராண்டாவில், படிப்பு உள்ளே. முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களே பாய் விரித்துக் கொடுப்பார்கள். அவர்களுக்காகவும் எப்போதாவது ஒன்று செய்யுங்கள். தேர்வில் தேறி வேலையில் இருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிவந்து ஒரு மணி நேரம் பேச வைத்தால் அந்த வருஷம் முழுக்க உங்கள் பக்கம் இருப்பார்கள்.

கதை சொல்பவர் எந்தக் கதை சொன்னாலும், அதையொட்டிய புத்தகம் அந்த நூலக அலமாரியில் இருக்க வேண்டும். இருந்தால் இன்னொரு வேலையும் செய்யலாம்: முக்கால்வாசிக் கதையில் நிறுத்திவிட்டு, "மீதி அந்தப் புத்தகத்துல இருக்கு" என்று கையைக் காட்டுங்கள். பிள்ளைகள் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே ஓடிப்போய் எடுப்பார்கள்.

பேச்சாளர் என்று பட்டம் வாங்கியவரை மட்டும் தேடாதீர்கள். எங்கள் தெருவில் வாழ்நாளெல்லாம் நடவுக்குப் போன ஒரு ஆயாவை ஒரு தடவை கூப்பிட்டோம். "எனக்கு என்னய்யா தெரியும் சொல்ல?" என்று மறுத்தார். "வயக்காட்டைப் பத்திச் சொல்லு ஆயா, போதும்" என்றேன். ஒரு நடவுப் பாட்டைப் பாதி பாடிவிட்டு வெட்கப்பட்டு நிறுத்தினார். உடனே ஒரு பொடியன், "ஆயா, சேத்துல பாம்பு வந்தா?" என்றான். "வந்தா வந்துட்டுப் போவுது. நீ அதை மிதிக்காம இருந்தா அது உன்னை ஏன் கடிக்குது?" அதற்குள் மேடம் உள்ளே போய்ப் பாம்புகள் பற்றிய படப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து ஆயா மடியில் வைத்தார். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, "இது சாரை. இது கட்டுவிரியன், ராத்திரிதான் வெளிய வரும்" என்று அவர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் குனிந்து கீழே அச்சாகியிருந்த பெயரைப் படித்துச் சரிபார்த்தார்கள். யாரும் கேட்காத புத்தகம், அன்றைக்கு அதற்குச் சண்டையே நடந்தது. நூலகங்களுக்கென்று ரங்கநாதன் எழுதிய ஐந்து விதிகளில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் என்று ஒன்று உண்டு. அதற்கு இதைவிட நல்ல விளக்கவுரை எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்கள் வாசலில் நிற்பார்கள். உறுப்பினர் படிவத்தைப் பேனாவோடு கொடுக்க வேண்டிய நேரம் அதுதான். "அப்புறம் வந்து சேர்றோம்" என்று போனவர்கள் வருவது அபூர்வம். ஆதார் நகல் கேட்டால் கடை எதிரிலேயே இருக்கிறது, அன்றைக்கு நான் காசு வாங்குவதில்லை.

நூல் அறிமுகம்

மூன்று பேர், ஆளுக்கு ஏழெட்டு நிமிடம், ஆளுக்கு ஒரு புத்தகம். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை எதுவும் வேண்டாம். அவற்றை எடுத்துவிட்டாலே ஒரு மணி நேரம் மிச்சம். பேசுபவர்களில் ஒருவராவது முதல் தடவை பேசுபவராக இருக்கட்டும். எங்கள் ஊர் மெடிக்கல்காரர் நடுங்கிக்கொண்டே பேசினார். பேராசிரியர்கள் பேசியபோது தலையாட்டிய கூட்டம், இவரிடம்தான் கேள்வி கேட்டது.

பொன்னாடை வேண்டாம். அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம். ஊரில் வசதியானவர் யாரையாவது கௌரவித்தே ஆக வேண்டும் என்றால், அவரை ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலராகச் சேரச் சொல்லுங்கள். அந்த ரசீதைக் கூட்டத்தில் வைத்து அவர் கையில் கொடுங்கள், கைத்தட்டுங்கள். அவருக்கும் மரியாதை, நூலகத்துக்கும் வரவு.

நேரம் வைக்கும்போது ஒன்றைப் பாருங்கள்: நூலகம் மூடுவதற்கு அரை மணி நேரம் முன்பாவது நிகழ்ச்சி முடிய வேண்டும். பேசிய புத்தகங்களும் அதே எழுத்தாளரின் மற்ற புத்தகங்களும் வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்க வேண்டும். மேடம் பதிவேட்டோடு அங்கேயே உட்கார்ந்திருப்பார். மூடும் நேரத்தில் நன்றி சொல்லிக் கைகூப்பினால் கூட்டம் நேரே டீக்கடைக்குப் போய்விடும்.

நோட்டீஸ்

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். என்ன, எப்போது, எங்கே, யார் வரலாம். நாலே விஷயம். ஏ4 தாளில் கிழமையும் தேதியும் நேரமும் ரோட்டிலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். "அனுமதி இலவசம், உறுப்பினர் அல்லாதவர்களும் வரலாம்" என்று மறக்காமல் போடுங்கள்; கார்டு இல்லாதவர் உள்ளேயே வரக்கூடாது என்று நினைப்பவர்கள் இன்னும் ஏராளம். பிரமுகர்கள் பெயர்ப் பட்டியல் போடாதீர்கள். ஒரு பெயர் விட்டுப்போனாலோ, வரிசை மாறினாலோ, அந்தச் சண்டை அடுத்த பொங்கல் வரை ஓடும்.

ரேஷன் கடை, பால் சொசைட்டி, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூட வாசல், சலூன். இந்த ஐந்து இடம் போதும். சலூனை இளப்பமாக நினைக்காதீர்கள், காத்திருப்பவர் வேறு வழியில்லாமல் முழுக்கப் படிப்பார். பள்ளிக்குத் தலைமையாசிரியரை நேரில் பார்த்துச் சொல்வதுதான் மரியாதை. வாட்ஸப்பில் படத்தோடு அரை நிமிடக் குரல் பதிவு ஒன்றும் அனுப்புங்கள். படிக்கத் தெரியாத தாத்தா பாட்டிகள்தான் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவரப் போகிறவர்கள்.

அன்றைக்கு வேண்டிய சில்லறை வேலைகள்: நாற்காலி, தண்ணீர் கேன், சுண்டல், குப்பைக்கு ஒரு சாக்கு. வந்தவர்கள் கையெழுத்துப் போட ஒரு நோட்டு. அந்த நோட்டும் இரண்டு போட்டோவும் இருந்தால் மேடம் மாவட்ட அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவது சுலபம். அடுத்த அனுமதி சீக்கிரம் வரும். அன்றைக்கு எத்தனை புத்தகம் வெளியே போனது என்பதையும் அதே பக்கத்தில் குறித்துவையுங்கள். கூட்டம் எத்தனை என்பதைவிட எனக்கு அந்த எண்தான் முக்கியம்.

நூலக வாரமும் மழையும்

நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா. எந்த மகராசன் நாள் குறித்தாரோ, எங்கள் டெல்டாவுக்கு அது அடைமழைக் காலம். பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டால் ஓவியப் போட்டிக்கு யார் வருவார்கள்? அதனால் ஓவியம், கட்டுரை, பேச்சுப் போட்டிகளை நவம்பர் முதல் வாரத்திலேயே பள்ளிகளில் வைத்து முடித்துவிடுகிறோம். விழா வாரத்தில் நூலகத்தில் நடப்பது பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சி, உறுப்பினர் சேர்க்கை, பரிசளிப்பு மட்டும். ஓவியம் சுவரில் தொங்கினால் வரைந்த பிள்ளையின் மொத்தக் குடும்பமும் வந்துவிடும், சித்தப்பா உட்பட. நோட்டீஸின் அடியில் "மழை பெய்தால் அடுத்த ஞாயிறு, இதே நேரம்" என்று ஒரு வரி சேருங்கள்.

பரிசு புத்தகமாகத்தான் இருக்க வேண்டும். டிபன் பாக்ஸும் டம்ளரும் வீட்டில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. சான்றிதழை மொத்தமாக அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பெயருக்கு இடம் விட்டுக் கையால் எழுதுங்கள். பாதிப் பிள்ளைகள் போட்டி நடக்கும் அன்று காலையில்தான் பெயர் கொடுப்பார்கள். எழுதும்போது இனிஷியலை அந்தப் பிள்ளையிடமே கேட்டு எழுதுங்கள். தப்பாக எழுதிய சான்றிதழோடு சாயங்காலமே அப்பா என் கடை வாசலில் வந்து நிற்பார்.