நீச்சல் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: எல்லாம் நான் செய்தவைதான்

புதியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். மூக்கில் தண்ணீர் ஏறுவது, கண்ணாடியைச் சரியாக மாட்டாதது எல்லாம் இரண்டு நாளில் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வேலை என்னவென்று தெரியாமலே பழகுவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான். நீந்துவது என்றால் என்ன என்று கேட்டால், "தலை மூழ்காமல் பார்த்துக்கொள்வது" என்பார்கள். இந்த நினைப்போடு இறங்குபவர் ஆயிரம் முறை கை வீசினாலும் தலையைத் தூக்கிக்கொண்டேதான் வீசுவார். நுரையீரலில் காற்று இருப்பதால் மார்பு மிதக்கும். கால்கள் தாழப் பார்க்கும். தலையைத் தூக்கினால் கால் இன்னும் இறங்கும். இறங்கிய காலை உதைத்து ஏற்ற வேண்டும், அதில் மூச்சு வாங்கும், மூச்சுக்காக மறுபடி தலை தூக்கும்.

இந்தச் சுழலில் நான் ஐந்து மாதம் கிடந்தேன். கையில் பலம் போதவில்லை என்று தண்டால் வேறு எடுத்தேன்! ஒரு நாள் சலித்துப்போய், இடுப்பளவுத் தண்ணீரில் முகத்தை உள்ளே வைத்துச் சும்மா கிடந்தேன். கால்கள் மேலே வந்தன. உடம்பைப் படுக்கையாக வைத்திருப்பதுதான் வேலை, கை வீச்சு அதற்கு அப்புறம் என்று அன்றுதான் புரிந்தது. ஆனால் கழுத்துக்குப் புரியவில்லை. பழைய பழக்கத்தை அழிக்க இன்னும் மூன்று மாதம் போனது.

புரிதல் எங்கே உதவும் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. 1908இல் உளவியலாளர் சார்லஸ் ஜட் அதை வெளியிட்டார். தண்ணீருக்குள் 12 அங்குல ஆழத்தில் இருந்த குறியைச் சிறுவர்கள் எறிஅம்பால் அடித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் ஒளிவிலகலை, அதாவது தண்ணீரில் ஒளி வளைவதால் குறி இடம் மாறித் தெரியும் என்பதை, விளக்கியிருந்தார்கள். முதலில் இரு குழுவும் ஒன்றுபோலத்தான் எறிந்தன. ஆழத்தை 4 அங்குலமாகக் குறைத்ததும், விளக்கம் கேட்டவர்கள் சீக்கிரம் திருத்திக்கொண்டார்கள், மற்றவர்கள் தடுமாறினார்கள். முதல் பாதியையும் கவனியுங்கள்: விளக்கம் கேட்டவர்களும் எறிந்துதான் பழக வேண்டியிருந்தது.

கட்டளைகளைச் சுமந்துகொண்டு நீந்துவது

முழங்கை இங்கே, மணிக்கட்டு அங்கே என்று பத்து விதிகளை நினைத்துக்கொண்டு நீந்துபவர், பதற்றம் வந்ததும் விறைத்துவிடுவார். ஒரு நினைப்பு போதும். அதுவும் கையைப் பற்றி வேண்டாம், பின்னால் தள்ளும் தண்ணீரைப் பற்றி இருக்கட்டும்.

காணொளி பார்த்தே கற்றுவிடலாம் என்பது

முடியாது.

மூச்சை அடக்கிக்கொள்வது

மூச்சை வெளியே விடுங்கள். தண்ணீருக்குள்ளேயே.