தமிழ் மீடியத்துல இருந்து இன்ஜினியரிங் போறவங்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ்

பிளஸ் டூ வரைக்கும் நான் தமிழ் மீடியம்தான், ஃபர்ஸ்ட் செமஸ்டர்லயே மேத்ஸ்ல அரியர், கணக்கு வராம இல்லைங்க, அணிக்கோவை நல்லாவே போடுவேன் ஆனா அதையே டிட்டர்மினன்ட்னு சொன்னா முழிப்பேன் (சிரிக்காதீங்க). அப்புறம் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி, கிளாஸ்ல காதுல விழுற புது வார்த்தைய தமிழ் எழுத்துலயே கிறுக்கி வச்சுக்கிட்டு, சாயங்காலம் ஹாஸ்டல்ல பிளஸ் டூ தமிழ் புக்கையும் இங்கிலீஷ் மீடியம் புக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஜோடி சேர்ப்பேன். ரெண்டும் ஒரே பாடம்தான், பிடிஎஃப் நெட்ல ஃப்ரீயாவே கிடைக்குது. அதுலயும் புரியலன்னா ஐஐடிக்காரங்க போடுற என்பிடெல் வீடியோவ யூடியூப்ல 0.75 ஸ்பீடுல பாருங்க. ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை போதும். சீனியர்கிட்ட கேக்க மட்டும் வெக்கப்படாதீங்க, நான் வெக்கப்பட்டே ஒரு செமஸ்டர் போச்சு.